வேலிக்குப் பச்சோந்தி சாட்சி
உயிர்வேலிக்குச் செடி தேர்வு: ஒரு பாடம்



"பையன் வேலியிலிருந்து ஒரு பச்சோந்தியைப் பிடிச்சுட்டு வந்துட்டானுங்க. கூண்டு செஞ்சு குடுன்னு ஒரே அடம். உள்ளே என்ன செடி வெச்சா அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க?" எங்கள் பகுதி இயற்கை உழவர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது.

கூண்டைப் பற்றிய பதில் ஒரு வரிதான். கூண்டு வேண்டாம், பிடித்த இடத்திலேயே இன்றைக்கே விட்டுவிடச் சொல்லுங்கள். நம் நாட்டுப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் உயிரினம். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். விளையாட்டாகச் செய்தாலும் குற்றம்தான்.

ஆனால் "என்ன செடி வெச்சா அதுக்கு ஒண்ணும் ஆகாது?" என்கிற பாதிக் கேள்வி இருக்கிறதே, அது நம் எல்லாருக்கும் உரிய கேள்வி. பச்சோந்தியின் வீடு நம்முடைய வேலி. அதில் எந்தச் செடி நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்று முடிவு செய்வது நாம்தான். கம்பிவேலியும் கல்தூணும் வந்த இடத்தில் அதற்கு வீடே இல்லாமல் போய்விட்டது. உயிர்வேலி இருக்கிற இடத்திலும் எல்லா வேலியும் அதற்கு ஆகிற வேலி இல்லை. எனவே இந்தப் பாடத்தைக் கூண்டுக்கு எழுதாமல் வேலிக்கு எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

ஓணான் வேறு, பச்சோந்தி வேறு. பல ஊர்களில் கழுத்து சிவந்து தலையாட்டும் ஓணானையே பச்சோந்தி என்று சொல்லிவிடுகிறார்கள். ஓணான் சரசரவென்று ஓடும். பச்சோந்தி ஓடாது. காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் அசைந்து அசைந்து ஒவ்வொரு அடியாக வைக்கும். உடல் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். வால் சுருள் சுருளாகக் கொப்பைச் சுற்றிக்கொள்ளும். இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும், ஒன்று முன்னால் பார்க்கும்போது மற்றொன்று பின்னால் பார்க்கும். விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கி போல் இருக்கும். இந்தப் பாதத்தை நினைவில் வையுங்கள், செடித் தேர்வில் இதற்கு வேலை இருக்கிறது.

இந்தியாவில் இயற்கையாக வாழ்வது ஒரே ஒரு பச்சோந்தி இனம். அறிவியல் பெயர் கெமேலியோ ஸெய்லானிகஸ். பெயரிலேயே சிலோன் இருக்கிறது, இலங்கையிலும் இதே இனம்தான். வாலோடு சேர்த்து ஓர் அடிக்கு மேலும் வளரும்.

இதற்கு விஷம் கிடையாது. பயந்தால் உடம்பை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டு வாயைப் பிளந்து சீறும், பிடித்தால் கடிக்கவும் செய்யும். அவ்வளவுதான். நிறம் மாறுவதும் நாம் நினைப்பது போல ஒளிந்துகொள்வதற்கு மட்டும் இல்லை. வெயில், குளிர், பயம், கோபம், இணை தேடுவது என்று எல்லாவற்றுக்கும் நிறம் மாறும். கட்சி மாறுகிறவர்களுக்கு இதன் பெயரை வைத்தது பச்சோந்திக்குச் செய்த அநியாயம்.

உணவு பூச்சிதான். வெட்டுக்கிளி, புழு, ஈ, வண்டு எல்லாம் தின்னும். உடலைவிட நீளமான நாக்கை வீசிப் பிடிக்கும். பூச்சி நிர்வாகம் முழுவதையும் பச்சோந்தி பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்ல மாட்டேன். அது தேனீயையும் தின்னும், பட்டாம்பூச்சியையும் தின்னும். நமக்கு அதனால் கிடைப்பது வேறு. வேலிக்கு ஓணான் சாட்சி என்பது பழமொழி. நஞ்சில்லாத வேலிக்குப் பச்சோந்தி சாட்சி. ஆண்டு முழுவதும் அது ஒரு வேலியில் தங்கியிருக்கிறது என்றால் அங்கே பூச்சி இருக்கிறது, நிழல் இருக்கிறது, இலையில் நீர் இருக்கிறது, மருந்து இல்லை என்று பொருள்.

நஞ்சு உள்ளே போகும் நான்கு வழி

"பச்சோந்தி இலை தின்னாதே, பிறகு செடியில் நஞ்சு இருந்தால் என்ன?" என்று கேட்கலாம். ஏமன், சவுதி அரேபியப் பகுதியைச் சேர்ந்த ஓர் இனம் இலையும் தின்னும். வெளிநாடுகளில் அதைக் கூண்டில் வளர்ப்பவர்கள் செடி விஷயத்தில் அவ்வளவு கவனமாக இருப்பதற்கு அது ஒரு காரணம். நம் இனத்துக்குப் பூச்சிதான் பிரதானம். ஆனாலும் செடி வழியாக நஞ்சு போக நான்கு பாதைகள் உண்டு.

ஒன்று, பூச்சி. செடி உறிஞ்சிய மருந்து இலைக்கும் தேனுக்கும் போகிறது. அங்கிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து பச்சோந்திக்கு. செடியின் இயற்கை நஞ்சும் இதே வழியில் போகும். எருக்கம் இலையைத் தின்னும் மஞ்சளும் நீலமும் கலந்த வெட்டுக்கிளி, எருக்கின் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. எருக்கில் வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியும் அப்படித்தான். எருக்கு மட்டுமே நிற்கிற வேலியில் பூச்சி இருக்கும், தீனி இருக்காது.

இரண்டு, நீர்த்துளி. தட்டில் தண்ணீர் வைத்தால் பச்சோந்தி பெரும்பாலும் அதைத் தண்ணீர் என்றே கண்டுகொள்ளாது. பனியும் மழையும் இலையில் முத்து முத்தாக நிற்கும்போது அதை நக்கித்தான் குடிக்கும். இலை மேல் என்ன படிந்திருக்கிறதோ அதுவும் சேர்ந்தே உள்ளே போகும்.

மூன்று, பால். கிளை ஒடிந்தால் பால் வடியும் செடிகளில் சில கண்ணைக் கெடுக்கும்.

நான்கு, மண். பெண் பச்சோந்தி முட்டையிடத் தரைக்கு இறங்கி, குழி தோண்டி, முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். முட்டை பல மாதம் மண்ணுக்குள் இருக்கும். வேலியடி மண்ணில் களைக்கொல்லியும் குருணை மருந்தும் இருந்தால் அது அங்கேயே முடிந்தது.

ஆகவே ஒரு செடி பாதுகாப்பானதா என்பது அதன் பெயரில் மட்டும் இல்லை. அது எங்கிருந்து வந்தது, எதைக் குடித்து வளர்ந்தது, பக்கத்தில் என்ன தெளிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூண்டில் வளர்ப்பவர்கள் கடையில் வாங்கிய செடியை அப்படியே உள்ளே வைப்பதில்லை. இலையின் இரண்டு பக்கமும் கழுவுகிறார்கள், தொட்டி மண்ணை மாற்றுகிறார்கள், சில வாரம் தனியாக வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு கூண்டுக்கு இவ்வளவு பார்க்கிறார்கள் என்றால் ஆடு, மாடு, குழந்தை, பச்சோந்தி எல்லாம் புழங்குகிற வேலிக்கு நாம் எவ்வளவு பார்க்க வேண்டும்?

வேலியில் வேண்டாத செடிகள்

அரளி. வெள்ளை, சிவப்பு, இளஞ்சிவப்பு எதுவானாலும் இதயத்தை நிறுத்தும் நஞ்சு செடி முழுவதும் உண்டு. சில இலைகளே ஓர் ஆட்டைக் கொல்லப் போதும். காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது. வெட்டிப் போட்ட அரளிக் கிளை, நிற்கிற அரளியைவிட ஆபத்து, ஏனென்றால் காய்ந்ததை ஆடு அடையாளம் காணாமல் தின்றுவிடும். மஞ்சள் பூப் பூக்கும் பொன்னரளியின் விதை இன்னும் மோசம். பூவுக்காக அரளி பயிர் செய்கிறவர்கள் அதைத் தனிப் பாத்தியில் வைத்துக்கொள்ளுங்கள், வேலியில் வேண்டாம்.

திருகுகள்ளி, அதாவது கொம்புக்கள்ளி. வேகமாக வரும், ஆடு தொடாது, தண்ணீர் கேட்காது என்று பல ஊர்களில் வேலிக்கு வைப்பார்கள். இதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். வேலி வெட்டுகிற ஆளுக்கும் ஆபத்து, கொப்பில் ஊர்ந்து போகிற பிராணிக்கும் ஆபத்து. தப்பித் தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நெய்வேலி காட்டாமணக்கு. வாய்க்கால் ஓரத்தில் ஊதாப் பூவோடு நிற்குமே, அதேதான். முதலில் ஆடு தொடாது. பஞ்ச காலத்தில் கடிக்கத் தொடங்கினால் பழகிவிடும். நரம்பு பாதித்து, தலை ஆடி, நடை தள்ளாடி வீணாகப் போகும். ஒடித்துப் போட்ட துண்டெல்லாம் வேர் விடுவதால் நீர்நிலையையும் அடைத்துவிடும்.

காட்டாமணக்கு. வேலிக்கு எளிதாக வரும். விதை கடலைப் பருப்பு மாதிரி ருசியாக இருக்கும் என்பதுதான் ஆபத்து. பிள்ளைகள் தின்று வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போவது அடிக்கடி நடக்கிறது. ஆமணக்கு விதையும், வேலியில் படரும் குன்றிமணியும் இதே பட்டியல்தான்.

உன்னிச்செடி. பூ அழகாக இருக்கும், பட்டாம்பூச்சி வரும், பச்சோந்தியும் சில இடங்களில் அதில் இருக்கும். ஆனாலும் வேண்டாம். மாடும் ஆடும் தின்றால் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து உரியும். பழத்தைப் பறவை தின்று எச்சமிட்டு ஊர் முழுக்கப் பரப்பிவிடும். ஏற்கெனவே இருந்தால் ஒரே நாளில் முழுவதையும் பிடுங்காதீர்கள். பக்கத்தில் நல்ல செடி வளர வளர, கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

சீமைக்கருவேலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எருக்கையும் ஊமத்தையையும் வேரோடு ஒழிக்க வேண்டியதில்லை. அங்கொன்றும் இங்கொன்றும் நிற்கட்டும், அவற்றை நம்பி வாழ்கிற பூச்சிகளும் உண்டு. அதையே வேலியாக ஆக்கிவிடாமல் இருந்தால் போதும்.

ஏற்ற செடிகள்

தேர்வுக்கு நான்கு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். ஆடு கடித்தால் சாகாமல் இருக்குமா? பூ வருமா, பூச்சி வருமா? கோடையில் இலை நிற்குமா? பென்சில் கனம் முதல் விரல் கனம் வரை குறுக்கும் நெடுக்குமாகக் கொப்பு இருக்குமா? இடுக்கி போன்ற பாதத்துக்கு அந்தக் கனம்தான் பிடிப்பு. வழவழப்பான தடித்த தண்டில் ஏறி இறங்க அது சிரமப்படும்.

நான்குக்கும் ஒரே செடி பதில் சொல்லாது. கலந்துதான் வைக்க வேண்டும்.

கிளுவை. கொங்கு நாட்டு வேலி என்றாலே கிளுவைதான். போத்து நட்டால் வரும், முள் உண்டு, தழையை ஆடு விரும்பித் தின்னும். குறை ஒன்றுதான், கோடையில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். அந்த மாதங்களில் பச்சோந்திக்கு நிழலும் மறைவும் இல்லாமல் போய்விடும். தனியாக வைக்காமல் பசுமை மாறாத செடியோடு சேர்த்து வையுங்கள்.

கொடுக்காப்புளி. முள், நிழல், தழை, பழம் எல்லாம் தரும். நெருக்கமாக விதைத்து வெட்டி வெட்டி விட்டால் புதராக அடையும். விட்டுவிட்டால் மரமாகிவிடும்.

களா. பசுமை மாறாது, முள் கடுமையானது, வெள்ளைப் பூவுக்குப் பூச்சி வரும், காய் ஊறுகாய்க்கு ஆகும். வளர்ச்சி மெதுவாக இருக்கும், பொறுமை வேண்டும்.

நொச்சி. போத்திலேயே வரும், ஆடு அவ்வளவாகக் கடிக்காது. ஊதாப் பூவுக்குத் தேனீ மொய்க்கும். மெல்லிய கொப்புகள் நிறைய உண்டு. பூச்சிவிரட்டிக்கும் மூலிகைக்கும் இலை பறித்துக்கொள்ளலாம்.

ஆடாதோடை. பெயரே சொல்கிறது, ஆடு தொடாது. ஆண்டு முழுவதும் அடர்ந்த பச்சை. கிளுவை இலை உதிர்க்கும் காலத்துக்கு இதுதான் ஜாமீன்.

செம்பருத்தி. கூண்டில் வளர்ப்பவர்களும் முதலில் தேடுகிற செடி இது. இலையிலும் பூவிலும் நஞ்சில்லை, கொப்பு சரியான கனம், இலையில் நீர்த்துளி நிற்கும். ஆட்டுக்கும் நல்ல தழை, அதனால் ஆடு எட்டாத உள்பக்கத்தில் வையுங்கள்.

மருதாணி. வெட்ட வெட்ட அடர்ந்து வரும். சின்னச் சின்னப் பூவுக்குச் சின்னப் பூச்சிகள் கூட்டமாக வரும். இளம் பச்சோந்திக்கு வாய்க்கு அடங்கும் தீனி அதுதான்.

ஆவாரை, இசங்கு, சூரை, காரை. மானாவாரி நிலத்துக்காரர்களுக்கு இவை கிடைத்த வரம். தண்ணீர் விடவே தேவையில்லை. ஏற்கெனவே நிற்கிறது என்றால் வெட்டாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

கிளைரிசிடியா. வேகமாக வளரும், பசுந்தாள் உரத்துக்கு ஈடில்லை. ஆடு மாட்டுக்கு வாட வைத்து மற்ற தழையோடு கலந்து கொடுக்கலாம். முயல், குதிரைக்கு ஆகாது.

கொடி வகையில் கோவை, பிரண்டை, முடக்கத்தான், சங்குப்பூ, தூதுவளை. கொடிகள்தான் செடிக்குச் செடி பாலம். பச்சோந்தி தரையில் நடக்க நேர்ந்தால் நாய், பூனை, காக்கை, வண்டிச் சக்கரம் எல்லாம் அதற்கு எமன். கேட் இருக்கிற இடத்தில் மேலே ஒரு மூங்கில் வளைவு வைத்துக் கோவைக்கொடியை ஏற்றிவிட்டால் வேலி அறுபடாமல் தொடரும்.

இரண்டு வரிசையாக வையுங்கள்

பக்கத்து நிலத்தில் மருந்தடிக்கிறார்கள் என்பது நம்மில் பலருடைய கவலை. இயற்கைச் சான்றிதழுக்கும் இடைவெளிப் பகுதி கேட்கிறார்கள். அந்தச் சாரலை முதலில் வாங்குவது வேலிதான். அதாவது நம்மைக் காக்கிற அதே இலையில்தான் பச்சோந்தி நீர் குடிக்கிறது. இதற்கு வழி, வேலியை இரண்டு வரிசையாக வைப்பது.

வெளி வரிசை உயரமானது, முள்ளுள்ளது. கிளுவை, கொடுக்காப்புளி, கிளைரிசிடியா, இடையிடையே களா. இது சாரலையும் ஆட்டையும் தடுக்கும். மூன்று நான்கு அடி தள்ளி உள் வரிசை. நொச்சி, ஆடாதோடை, மருதாணி, செம்பருத்தி. இது குடியிருப்பு. உள் வரிசையில் ஒரே செடியைத் தொடர்ந்து வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள், ஒன்று பூக்காத மாதத்தில் இன்னொன்று பூக்கும்.

போத்துக்குக் கட்டைவிரல் கனத்துக்குக் குறையாத முற்றிய கொம்பாக, மூன்று முதல் ஐந்து அடி நீளத்தில் எடுங்கள். அடியைச் சாய்வாக வெட்டி ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் போகட்டும். கிளுவையை இலை உதிர்ந்து நிற்கும்போது வெட்டி முதல் மழைக்கு முன் நடுவது நல்லது. வேர்விட்ட கன்றுகளை ஆடி, ஆவணியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். குழிக்குத் தொழு உரமும் மட்கிய ஆட்டு எருவும் போதும்.

கன்று வாங்கும்போது

கூடுமானவரை போத்தும் விதையும் நம் ஊரிலேயே எடுங்கள். நர்சரியில் வாங்கத்தான் வேண்டும் என்றால், குருணை மருந்து போட்டார்களா, இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து ஊற்றினார்களா என்று கேளுங்கள். இந்த வகை மருந்து வேர் வழியாக ஏறி இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் நிற்கும். இலையைக் கழுவினால் போகாது. மரத்தன்மையுள்ள செடிகளில் மாதக்கணக்கில் தங்கும்.

பதில் சரியாகக் கிடைக்காவிட்டால், பை மண்ணை உதறிவிட்டு நம் மண்ணில் மாற்றித் தனியிடத்தில் வையுங்கள். முதல் பருவத்தில் வரும் மொட்டைக் கிள்ளிவிடுங்கள், தேனீயும் பூச்சியும் வராமல் இருக்கும். புதுத் தளிர் நன்றாக வந்து, அதில் புழுவும் அசுவினியும் உட்கார ஆரம்பித்த பிறகு வேலிக்குக் கொண்டுபோங்கள். கன்றில் ஒரு பூச்சி கூட இல்லாமல் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வேலியைப் பார்த்துக்கொள்வது

நம் பக்கமும் ஒரு பேச்சு உண்டு. இயற்கைக் கரைசல்தானே என்று வேலிக்கும் சேர்த்து அடித்துவிடுகிறோம். அக்னி அஸ்திரத்தில் புகையிலை சேர்க்கிறோம். புகையிலையில் இருக்கும் நிகோடின் கடுமையான நஞ்சு, இலையில் பிறந்தது என்பதால் அது சாது ஆகிவிடாது. இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், வேப்பெண்ணெய்க் கரைசல் எல்லாம் பயிருக்கு, அதுவும் தேவைப்படும்போது மட்டும். வேலிக்கு எதுவும் வேண்டாம். வேலியில் பூச்சி இருக்கட்டும், அது இருக்க வேண்டிய இடம் அதுதான்.

கவாத்து செய்யும்போது முழு வேலியையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். இந்த ஆண்டு ஒரு பகுதி, அது துளிர்த்த பிறகு அடுத்த பகுதி. வெட்டுவதற்கு முந்தின இரவு ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். பச்சோந்தி இரவில் கொப்பின் நுனியில் தூங்கும், அப்போது உடம்பு வெளிறி இருக்கும். பகலில் எவ்வளவு தேடினாலும் தெரியாதது, இருட்டில் வெளிச்சம் பட்டால் வெள்ளையாகத் தெரியும். இருக்கும் இடத்தில் ஒரு துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டு, அந்தப் பகுதியை அப்படியே விடுங்கள். கையால் தொட வேண்டாம்.

வேலியடிக்குத் தீ வைக்காதீர்கள். உள்பக்கம் மூன்றடி வரை உழவு ஓட்டாதீர்கள், அதுதான் முட்டைக்கான இடம். களைக்கொல்லி அந்தப் பக்கமே வரக் கூடாது. கடுங்கோடையில் பனியும் இல்லாத நாட்களில் வாரம் இரண்டு முறை காலையில் உள் வரிசை இலை நனையத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டுநீர்க் குழாய் வேருக்குத்தான் கொடுக்கும், இலைக்குக் கொடுக்காது. பறவைக்காகக் கட்டுகிற நைலான் வலையை வேலி மேல் போடாதீர்கள், சிக்கினால் வெளியே வராது.

சாலை கடக்கிற பச்சோந்தியைப் பார்த்தால், ஒரு குச்சியை நீட்டி ஏறவிட்டு, அது போய்க்கொண்டிருந்த பக்கத்து வேலியில் இறக்கிவிடுங்கள். "நம்ம தோட்டத்துல விட்டா நல்லா இருக்கும்" என்று எடுத்து வரக் கூடாது. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கணக்கும் பார்த்துவிடுவோம்

வங்கியில் இருந்தவன் என்பதால் கணக்கைச் சொல்லாமல் விட முடியவில்லை. கம்பிவேலிக்குக் கடன் வாங்கினால் முதல் நாளிலிருந்து வட்டி. கம்பியோ முதல் மழையிலிருந்து துரு. சொத்தின் மதிப்பு வருடா வருடம் இறங்கும், கடன் மட்டும் அப்படியே நிற்கும். உயிர்வேலிக்குச் செலவு போத்து வெட்டும் கூலி, நடவுக் கூலி, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர். மூன்றாம் ஆண்டிலிருந்து தழை, எரு, விறகு, பூ, காய் என்று அது நமக்குத் தரத் தொடங்கும். மதிப்பு ஏறிக்கொண்டே போகும். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் உயிர்வேலி வையுங்கள் என்று சொன்னதில் இந்தக் கணக்கும் இருந்தது.

பயிரைக் காக்க உடனடியாகக் கம்பி வேண்டும் என்கிற நிலை சிலருக்கு உண்டு, காட்டுப்பன்றி வருகிற இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கம்பிக்கு உள்பக்கம் மேலே சொன்ன உள் வரிசையை வைத்துவிடுங்கள். ஆனால் மின்சாரத்தை நேரடியாக வேலியில் விடுவது சட்டப்படியும் குற்றம், மனிதர்களையும் கொல்கிறது. அதை யாரும் செய்யாதீர்கள்.

செய்து பாருங்கள்

இந்த மாதம் உங்கள் வேலியை ஒரு நோட்டோடு சுற்றி வாருங்கள். பத்து பத்து அடியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் என்ன செடி, பூ இருக்கிறதா, இலை அடர்த்தி எப்படி, வேலி அறுந்த இடம் எது என்று எழுதுங்கள். அரளி, திருகுகள்ளி, நெய்வேலி காட்டாமணக்கு இருக்கிற இடத்துக்குச் சிவப்புக் குறி போடுங்கள். பிறகு ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மேல் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டார்ச்சோடு போங்கள். காலுக்குச் செருப்பு, கையில் ஒரு தடி, பாம்பு இருக்கும் என்கிற கவனம் எல்லாம் அவசியம். எத்தனை பச்சோந்தி, எந்தச் செடியில், எவ்வளவு உயரத்தில் என்று எழுதச் சொல்லுங்கள். கூண்டு கேட்ட பிள்ளைக்கு இந்த நோட்டைக் கொடுங்கள். தினமும் கூண்டைப் பார்ப்பதைவிட இதில் அவனுக்கு வேலை அதிகம்.

ஒன்றுகூடத் தென்படவில்லை என்றாலும் நோட்டை மூடிவிடாதீர்கள். சிவப்புக் குறி போட்ட இடத்தில் இந்தப் பருவத்துக்குள் பத்து அடி அளவுக்காவது செடியை மாற்றுங்கள். பக்கத்து வேலியில் பச்சோந்தி இருக்கிறதா என்று அந்த வீட்டாரிடம் கேளுங்கள். இருந்தால், அந்த வேலிக்கும் உங்கள் வேலிக்கும் நடுவே எத்தனை அடி இடைவெளி இருக்கிறது என்று அளந்து, அதை எந்தக் கொடியால் இணைக்கலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அடுத்த ஐப்பசியில் மறுபடி அதே டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள்.